நான்கு நாள் சொல்லாதது

புதன்கிழமை, பிற்பகல்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பா, நான், உன் தங்கை மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, அது கடிதம் முடிவதற்குள் உனக்கே விளங்கிவிடும். பட்டறையில் நாற்காலியை மாற்றியதிலிருந்து அப்பாவுக்கு முதுகுவலி பரவாயில்லை. குளியலறைக் குழாய் மட்டும் நீ போனபோது எப்படி ஒழுகிக்கொண்டிருந்ததோ அப்படியே ஒழுகுகிறது. ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் பிரித்துச் சுற்றிக் கொடுக்கிற மனுஷருக்குச் சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட நேரம் கிடைக்கவில்லை. சொன்னால் நாளைக்கு என்கிறார். அந்த நாளைக்கு வயது இப்போது இரண்டு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் அடுத்த நிமிஷமே நீ தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செய்தி ஒரு மணி நேரம் தங்கியதாகச் சரித்திரமே இல்லை. கடிதம் உன்னிடம் வந்து சேரப் பத்து நாளாகும், அவள் போக இருந்த படகு சனிக்கிழமை காலையே கிளம்பிவிடும். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதற்காகத்தான் கடிதம். இதை எழுதும்போது எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, இருந்தாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. பள்ளிக்கூட ஆபீஸில் எல்லோரும் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் அறையைப் பூட்டிவிட்டு, என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு எதைச் சொன்னாள், எதை மறைத்தாள் என்று எனக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். பரீட்சை முடிந்த மறுநாளே சின்னவள் என் முன்னால் வந்து நின்று, படகில் வேலைக்குப் போகப் போகிறேன் என்றாள். பதினேழு வயது. எங்கள் வம்சத்தில் தண்ணீர்ப் பக்கம் போனவர் யாரும் கிடையாது, எனக்கு நீச்சலும் தெரியாது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றி ஒரு தாள் டைப் அடித்துக் கொடு என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நற்சான்றிதழ் அடித்துக் கொடுக்கிற கை, சொந்த மகளுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அடித்துக் கொடுத்தேன். பெயர், உயரம், நீச்சல் தெரியும் என்பதெல்லாம் எழுதியாயிற்று. முன் அனுபவம் என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. கடைசியில் அப்பாவின் மோட்டார் பட்டறையில் பத்து வருஷம் உதவி என்று போட்டோம். ஏழு வயதில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி ஆகிறதே என்று கேட்டேன், உண்மை அதுதானே என்றாள்.

அந்தத் தாளில் முப்பது பிரதி எடுத்துக்கொண்டு தினமும் காலையில் படகுத்துறைக்குப் போய்விடுவாள். மிதக்கிற பலகை நடைபாதைகள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் ஒவ்வொரு படகாக நின்று, உள்ளே யாராவது தலையைக் காட்டினால் வணக்கம் சொல்லி, ஆள் வேண்டுமா என்று கேட்பாளாம். சிலர் வயதைக் கேட்டதும் கையை ஆட்டிவிடுவார்கள். ஒருவர் தாளை வாங்கி அதில் மீன் வைத்துச் சுற்றினாராம், அதை எங்களிடம் சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, நான் அடித்த தாள் அது. மூன்றாவது வாரம், படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற யார்டில் எடுத்துக்கொண்டார்கள். படகின் அடிவயிற்றில் ஒட்டிக் கிடக்கிற சிப்பிகளைச் சுரண்டுகிற வேலை. நீலப் பெயின்ட் அப்பிய காதும் கிழிந்த கையுறையுமாக வீட்டுக்கு வருவாள். இரண்டு நாளில் ஓடி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் ஓடியது. நடுவில் கடல் பாதுகாப்புப் பயிற்சி என்று ஐந்து நாள் போய் வந்தாள், லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து குளத்தில் குதிக்கச் சொன்னார்களாம், கவிழ்ந்த ரப்பர் படகை நிமிர்த்தச் சொன்னார்களாம். முதலில் நிமிர்த்தியவள் இவள்தான் என்று சான்றிதழோடு சொல்லியும் அனுப்பினார்கள். கட்டில் காலில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும். என்னோடு பேசிக்கொண்டே, பார்க்காமலே முடிச்சுப் போடுவாள், அவிழ்ப்பாள்.

இரண்டு பாய்மரம் உள்ள பெரிய படகு ஒன்று அந்த யார்டுக்குப் பழுது பார்க்க வந்தது. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கான படகு. இங்கிருந்து பன்னிரண்டு நாள் ஓடி வேறொரு துறைமுகத்துக்குப் போய், ஆறு மாதம் அங்கேயே இருந்து பாடம் நடத்துவார்களாம். கேப்டன் ஒரு பெண், என் வயது இருக்கும், குரல் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவருக்குச் சின்னவளின் கைவேகம் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய் வரலாம், சரியாகச் செய்தால் வேலை, வீட்டு ஆட்களும் வந்து பார்க்கலாம் என்றார். அப்பாவுக்கு ஓர் ஆஸ்பத்திரி தண்ணீர் மோட்டார் அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. நான் மட்டும் போனேன்.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன், நிதானமாகப் படி. சின்னவளைப் படகின் பின்பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கே படகின் ஓரத்தில் இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய மாதிரி ஓர் இரும்பு இருக்கிறது, கரையிலிருந்து வருகிற கயிற்றை அதில்தான் சுற்றிக் கட்டியிருக்கும். முன்கயிற்றை எடுத்தாயிற்று, படகின் மூக்கு மெதுவாகக் கரையை விட்டுத் திரும்பியது. பின்கயிறு மட்டும் பாக்கி. அதை அவிழ்த்துவிட்டால் படகு புறப்பட்டுவிடும். சின்னவள் குனிந்து கயிற்றில் கையை வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. கேப்டன் திரும்பிப் பார்த்து, உச்சக் குரலில், “விடு!” என்று கத்தினார்.

சின்னவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போய் நின்றாள்.

கயிறு இரும்பிலேயே இருந்தது. படகு வெளியே இழுக்க, கயிறு விறைத்து முறுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது பார், அது இன்னும் என் காதில் இருக்கிறது. பின்பக்கம் கரையில் போய் மோதிப் பலகை பிளந்தது. கேப்டனுக்கு அடுத்தபடியாக இருக்கிறவர், எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடுகிறவர், முன்னாலிருந்து ஓடி வந்து கயிற்றைப் பிரிக்கப் பார்த்தார். கயிறு வழுக்கி அவர் கையை இரும்போடு சேர்த்து நசுக்கிவிட்டது. இரண்டு விரல் முறிந்துவிட்டது. அந்த மனுஷர் கத்தக்கூட இல்லை, கையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவரையிலும் சின்னவள் கையை இறக்கவில்லை.

பெரியவளே, உனக்கு இப்போதே புரிந்திருக்கும். கரையில் நின்ற எனக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. நம் வீட்டில் அப்பா “விடு!” என்று கத்தினால் என்ன அர்த்தம்? நீயும் அதைத்தான் செய்வாய், இன்றைக்கும் செய்வாய். உனக்கு எட்டு வயது, ஓடுகிற மோட்டாரின் பெல்ட் பக்கம் விரலைக் கொண்டுபோனாய். அன்றைக்கு அப்பாவுக்கு வந்த பயத்தில், அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேரையும் பட்டறையில் நிறுத்திவைத்துப் பழக்கினாரே. விடு என்று சத்தம் வந்தால் எதையும் யோசிக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, இரண்டு கையும் மேலே, ஒரு கால் பின்னால். சாப்பிடும்போது கத்துவார், பாடம் படிக்கும்போது கத்துவார், நீங்கள் தட்டைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குவீர்கள். நான்கூடப் பிள்ளைகளா சர்க்கஸ் மிருகங்களா என்று சண்டை போட்டிருக்கிறேன். அதனால்தான் இரண்டு பேருக்கும் பத்து விரலும் இருக்கிறது என்பார். கேப்டனுக்கு விடு என்றால் கயிற்றை அவிழ்த்துவிடு. நம் பெண்ணுக்கு விடு என்றால் கையை எடு. புத்தி யோசிப்பதற்கு முன்னால் அவள் கை கேட்டுவிட்டது. பத்து வருஷ முன் அனுபவம் என்று நான்தானே டைப் அடித்துக் கொடுத்தேன்.

இது கேப்டனுக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணால் பார்த்தது, ஆபத்து வந்த நேரத்தில் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு விறைத்து நின்றதைத்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பயந்துட்டா. அது தப்பில்லம்மா, ஆனா பயந்து நிக்கறவங்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது” என்று என்னிடம்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வாயில் வார்த்தை வந்து நின்றது. அது பயம் இல்லை, பழக்கம் என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதைவிட மோசம், சின்னவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். “கேட்டுச்சும்மா, கயிறும் கையிலதான் இருந்துச்சு, ஏன் நின்னேன்னே தெரியல” என்றாள். நான் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பாவிடம் கயிறு சிக்கிக்கொண்டது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி வைத்தேன். அவர் வந்திருந்தால் அந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சந்தோஷமாக இருந்தது, அதனால்தான். பன்னிரண்டு நாள் நடுக்கடலில் என் பெண் இருக்க மாட்டாள், ஆறு மாதம் முகம் தெரியாதவர்களோடு தூங்க மாட்டாள், அவள் கட்டிலில் அவள் படுத்திருப்பாள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, யாரையும் தடுக்கவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அதற்கே எல்லாம் நான் நினைத்தபடி நடந்துவிட்டது. உன்னை அனுப்பிவிட்டு ஒரு வருஷம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது, வேண்டாத இடத்தில் அழுதேன், பஸ்ஸில்கூட அழுதேன். இன்னொரு தடவை முடியாது என்று நினைத்தேன். கேப்டன் வேறு ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறாராம், நெட்டையனும் போக முடியாததால் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்துவிடுவாராம். இன்னும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வியாழக்கிழமை, காலை

நேற்று இங்கே நிறுத்தினேன். இன்றைக்கு ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

நேற்று வீட்டுக்குப் போனதும் கட்டில் காலைப் பார்த்தேன், கயிறு இல்லை. அடுப்பங்கரைக்கு வந்து சின்னவள் வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், அவளாக வந்து வேலை செய்கிறபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. உரித்துக்கொண்டே, உன் ஸ்கூல் ஆபீஸ்ல ஃபைல் அடுக்கற வேலை ஏதாவது இருக்குமாம்மா என்று கேட்டாள். நான் காத்திருந்த வார்த்தைதான். மூன்று மாதமாக இதைச் சொல்ல மாட்டாளா என்று தவம் கிடந்தேன். ஏன் திடீரென்று என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், “எனக்கு அதுதான் சரிப்படும். அவசரத்துல நான் உதவ மாட்டேம்மா. உனக்கே ஏதாவது ஆனாலும் நான் இப்படித்தான் கையத் தூக்கிட்டு நிப்பேன் போல” என்றாள். அழவில்லை. உயரம், எடை சொல்கிற மாதிரி சொன்னாள். உன்னிடமும் போனில் பேசினாளாம், எல்லாருக்கும் எல்லா வேலையும் வந்துடாதுடி என்று நீ சமாதானம் சொன்னாயாம். உன்மேல் தப்பில்லை, உனக்கு அவள் சொன்னதுதானே தெரியும்.

ராத்திரி முழுக்க ஒரே யோசனை. படகுக்குப் போகாமல் இருப்பது ஒன்று, தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது வேறொன்று. இரண்டாவதை நான் கேட்கவில்லை, ஆனால் முதலாவதை வாங்கினால் இரண்டாவது கூடவே வருகிறது, தனியாகக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அவள் பயந்தவள் இல்லை என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான், அந்த ஆள் வாயைத் திறக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் முடிந்ததும் படகுத்துறைக்குப் போகப் போகிறேன். போவேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன், எழுதிவிட்டால் போகாமல் இருக்க முடியாதல்லவா.

சனிக்கிழமை, பிற்பகல்

போனேன். கேப்டன் படகின் மேல்தளத்தில் மண்டியிட்டு, பிளந்த பலகைக்குப் பிசின் வைத்துக்கொண்டிருந்தார். நெட்டையன் விரல்களில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து மற்றக் கையால் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார், எனக்கு அந்த நாற்காலியில் உட்கார உடம்பு கூசியது. நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன், பெல்ட், பட்டறை, சாப்பாட்டுத் தட்டு, ஒன்றையும் விடவில்லை. கேப்டன் பிசினைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “ஞாயித்துக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார். தெரியும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாளைக்கு மூணு மணிக்கு அவள அனுப்புங்க, எதுக்குன்னு சொல்லாதீங்க, சொன்னது நெஜமான்னு நானே பாக்கணும் என்றார். சின்னவளிடம் கேப்டன் கூப்பிட்டார் என்று மட்டும் சொன்னேன். உடைந்த பலகைக்காகத் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தாள், பாவம். அப்பாவும் பட்டறையைச் சாத்திவிட்டு வந்தார்.

நேற்று மூன்று மணிக்குப் படகு கரையில் முன்னும் பின்னும் கட்டி அசையாமல் நின்றது. கேப்டன் சின்னவளை அதே பின்பக்கத்தில், அதே கயிற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. “அவிழ்!” என்று கத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று சுற்றையும் எடுத்துக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டு என்றார், கட்டினாள். தளர்த்து என்றார், தளர்த்தினாள். நாலு தடவை, ஐந்து தடவை, ஒரு தப்பு இல்லை. பிறகு கேப்டன் வேறு எங்கேயோ பார்க்கிறவர் மாதிரித் திரும்பி, சட்டென்று, “விடு!” என்று ஒரு கத்து கத்தினார்.

இரண்டு கையும் மேலே போயிற்று, ஒரு கால் பின்னால் போயிற்று. பக்கத்தில் நின்ற அப்பா பதறிப்போய், அடடா, இது நம்ம விடு ஆச்சே என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். நெட்டையன் முதலில் சிரித்தார், அப்புறம் படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன்கூடச் சிரித்துவிட்டு, இது பயமே இல்ல, இப்படிச் சொல்பேச்சு கேக்கற ஆள நான் பாத்ததே இல்ல, இனிமே இந்தப் படகுல அவிழ்தான், அந்த வார்த்தையே வேணாம் என்றார். சின்னவள் தூக்கிய கையை அண்ணாந்து பார்த்தாள். முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது, அதை மட்டும் நான் கண்ணால் பார்த்துவிட்டேன், அது எனக்குப் போதும். அப்புறம், இதை யார் கேப்டனுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தாள் போலிருக்கிறது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், அன்னைக்கே தெரியுமா என்று. தெரியும் என்றேன். “நாலு நாளா நான் என்னையே கேவலமா நெனச்சிக்கிட்டுக் கெடந்தேனே, பாத்துக்கிட்டே இருந்தியாம்மா?” என்று கேட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். வேறு என்ன சொல்வது? பாசத்தில் செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது, அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. பையை எடுத்து வைத்தாள், கயிற்றைப் பரணிலிருந்து எடுத்து அதில் வைத்தாள், அப்பாவோடு பேசினாள். அப்பா பாவம், என் சத்தம்தான் அவ கையக் கட்டிப்போட்டுடுச்சா என்று என்னிடம் தனியாக வந்து கேட்டார். உங்கள் சத்தம்தான் அவள் விரலைக் காப்பாற்றியது, கெடுத்தது என் மௌனம் என்று சொன்னேன். அவர் பட்டறைக்கு இறங்கிப் போய்விட்டார். இன்றைக்குவரை அவரும் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

இன்று காலை ஏழு மணிக்குப் படகு கிளம்பியது. நான் வருவதை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் போனேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. படகில் அதே பின்கயிற்றுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள், நெட்டையன் கரையில் என் பக்கத்தில் நின்றார். “நல்லா வருவாம்மா, பாருங்க” என்றார். விரல் ஒடிந்தவர் எனக்குத் தைரியம் சொல்கிறார், நான் எந்த முகத்தோடு கேட்டுக்கொள்வது? கேப்டன் அவிழ் என்று குரல் கொடுத்தார். சின்னவள் கயிற்றைச் சுத்தமாக அவிழ்த்து உள்ளே இழுத்துச் சுருட்டினாள், அந்த வேலை முடிகிறவரை தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தியபோது படகு தூரம் போய்விட்டது. கையை ஆட்டினாள். அப்பாவுக்கா, எனக்கா, நெட்டையனுக்கா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. நான் பதிலுக்கு ஆட்டினேன், எனக்கில்லை என்றாலும் பரவாயில்லை என்று.

நீ அவளோடு பேசுவாய். என் பக்கம் வக்காலத்து வாங்காதே, அம்மா பாவம் என்று சொல்லாதே. அவள் கோபம் அவளுக்கு உரியது, அது தீரும்போது தீரட்டும். குளிர்க் காற்றில் காதை மூடிக்கொள்ளச் சொல், அதையும் நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையின் பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயிற்றா? நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிந்து, நிறைவாக வாழ வேண்டும். அது ஒன்றுதான் நான் தினமும் கேட்பது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முக்கியமாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். வயது பதினெட்டு ஆகாததால் வீட்டில் கையெழுத்து வேண்டும் என்று கேப்டன் ஒரு படிவம் கொடுத்திருந்தார். சின்னவள் எல்லாவற்றையும் நிரப்பி, நேற்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். அவசர நேரத்தில் முதலில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே உன் பெயரும் உன் நம்பரும் எழுதியிருந்தாள். எத்தனையோ படிவம் பார்த்தவள் நான், அந்த இடத்தில் அம்மா பெயர் இல்லாத பிள்ளைகளைப் பற்றி ஆபீஸில் நாங்கள் என்னென்னவோ பேசியிருக்கிறோம். ஒன்றும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டேன். அதனால் கடலிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் உனக்குத்தான் முதலில் வரும். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். நல்ல செய்தியோ வேறு எதுவோ, அம்மா தாங்க மாட்டாள் என்று உனக்குத் தோன்றலாம், பாசத்தால்தான் தோன்றும், எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்த நிமிஷமே எனக்குச் சொல்லிவிடு. ஒரு நாள்கூட உனக்குள் வைத்துக்கொள்ளாதே.

எப்போதும் உன் நலம் வேண்டும்,
உன் அம்மா